சங்கிலிக் கடை வந்து எட்டு மாதம்: வாங்கும் விலைக்கும் கீழே விற்பவர்களோடு எப்படிப் போட்டி போடுவது?

கல்லாப்பெட்டி (அருப்புக்கோட்டை)

எங்கள் மளிகைக் கடை 180 சதுர அடி. இரண்டு தலைமுறையாக நடக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு, கடையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு பெரிய சங்கிலிக் கடை திறந்தார்கள். பெயர் வேண்டாம். குளிர்சாதனம், தள்ளுவண்டி, வாசலில் பலூன் வளைவு, எல்லாம் உண்டு.

முதல் வாரமே வேவு பார்க்க நானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சூரியகாந்தி எண்ணெய், ஒரு லிட்டர் பாக்கெட். உறையில் அச்சிட்ட விலை 165 ரூபாய். ஏஜென்சிக்காரர் எனக்குப் போடுவது 148. அங்கே 139 என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் வாங்கும் விலையை விட ஒன்பது ரூபாய் குறைவாக அவர்கள் விற்கிறார்கள்! இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஆளுக்கு நான்கு பாக்கெட்தான் என்றார்கள். வீட்டிலிருந்து மூன்று பேரை வரவழைத்து, ஒருவரை ஒருவர் தெரியாதது போல வரிசையில் நிற்கவைத்துப் பன்னிரண்டு பாக்கெட் வாங்கி வந்து என் கடையில் 150க்கு விற்றேன். ஏஜென்சி சரக்கை 155க்கு விற்றால் ஏழு ரூபாய் நிற்கும். போட்டிக்காரனிடம் வாங்கி விற்றதில் பதினொன்று நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாளொன்றுக்கு 14,000 வரை இருந்த வியாபாரம் இப்போது 9,500ஐத் தாண்டுவதில்லை. 'வாடிக்கையாளர் உறவு', 'தரம்' என்று யூடியூபில் சொல்வதையெல்லாம் கேட்டாகிவிட்டது. கடை நடத்தியவர்கள், நடத்துகிறவர்கள், கடையை மூடியவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

---

மாதச்சம்பளம்

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். எங்கள் வீட்டில் மாதச் சாமான் சங்கிலிக் கடையில், நாள் சாமான் தெருமுனைக் கடையில். மாதம் ஒன்றுக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் மிச்சமாகிறது. அது என் பையனின் பஸ் கட்டணம். தெருக்கடைக்காரர் நல்ல மனிதர் என்பதற்காக அந்த ஐந்நூறை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? உங்கள் பக்கம் நிற்கும் எல்லாரும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள்.

---

லைன்வண்டி

பதினோரு வருடம் நுகர்பொருள் ஏஜென்சி வண்டியில் கடை கடையாகச் சரக்குப் போட லைன் போனவன். அந்த ஒன்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

கம்பெனி சரக்கு ஏஜென்சிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வண்டியில் உங்கள் கடைக்கு வருகிறது. ஏஜென்சி நான்கைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு எட்டிலிருந்து பத்து சதவீதம் நிற்கும். வண்டி வாடகை, டீசல், என் சம்பளம், பேட்டா எல்லாம் அதற்குள்தான். சங்கிலிக் கடைக்கு நடுவில் ஆள் கிடையாது. கம்பெனி நேராக அவர்களுடைய கிடங்கில் இறக்கிவிடும். போதாததற்குக் கண் மட்டத்து அலமாரியில் அடுக்குவதற்குத் தனிக் காசு, புதுச் சரக்கை அறிமுகப்படுத்துவதற்குக் காசு, வருட முடிவில் எடுத்த அளவுக்கு ஏற்பத் தள்ளுபடி. உங்களிடம் ஏழாம் நாள் பணம் கேட்டு நான் வந்து நிற்பேன். அவர்களுக்குப் பல வாரத் தவணை. சரக்கு இரண்டு வாரத்தில் விற்றுவிட்டால், கம்பெனிக்கு இன்னும் கொடுக்காத பணத்தில் அடுத்த வியாபாரம் நடக்கும்.

இந்தச் சண்டை புதிதல்ல. எல்லாருக்கும் ஒரே விலை கொடுங்கள், இல்லையென்றால் சரக்கை எடுக்கமாட்டோம் என்று அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2021 டிசம்பரில் கம்பெனிகளுக்குக் கடிதமே எழுதியது. மகாராஷ்டிரத்தில் ஒரு பற்பசைக் கம்பெனியின் சில சரக்குகளைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் பார்த்தார்கள். லைனில் போய்வந்த எனக்கு விலையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு வேலை சொல்கிறேன். எண்ணெயைப் பார்த்து மலைத்துப்போகாதீர்கள். மக்களுக்கு விலை மனப்பாடமாக இருக்கிற சாமான் பதினைந்து இருந்தால் அதிகம்: எண்ணெய், சர்க்கரை, சோப்புத்தூள், டீத்தூள் இப்படி. தூண்டில் புழு அதுதான். வெந்தயத்தின் விலை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மறுபடியும் கூடையோடு உள்ளே போங்கள். இந்தத் தடவை எண்ணெய் இருக்கும் பக்கம் திரும்பாமல் பருப்பு, சீரகம் இருக்கும் வரிசைக்குப் போய் விலை எழுதிக்கொண்டு வாருங்கள்.

---

கல்லாப்பெட்டி

போய் வந்தேன். ஒரு பையன் பின்னாலேயே நடந்தான். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து அதிகாரி என்று நினைத்தானோ என்னவோ, 'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டான்.

துவரம்பருப்பு அங்கே கிலோ பாக்கெட் 146. நான் மதுரை கீழமாசி வீதியில் ஐம்பது கிலோ மூட்டை 5,900க்கு எடுக்கிறேன். கிலோ 118 அடங்குகிறது. சில்லறையில் 128க்கு விற்கிறேன். வெந்தயம் நூறு கிராம் அங்கே 21, என்னிடம் 12. மல்லி, கடுகு, பொரிகடலை எல்லாவற்றிலும் நான்தான் குறைவு. முண்டு வத்தல் அங்கே இல்லவே இல்லை. 'நீட்டு மிளகாய்தான் வரும்' என்றார்கள். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023ல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். கூப்பிடு தூரத்தில் விளைகிற சரக்கு, அவர்கள் கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை.

பருப்பில் இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஜூலை 18லிருந்து, 25 கிலோ வரை உறையிட்டு லேபிள் ஒட்டி விற்கிற அரிசி, பருப்புக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி. மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுத்தால் வரி இல்லை. அவர்கள் சரக்கு முழுக்க உறைக்குள்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது சாக்கும் தராசும்.

நான் எட்டு மாதமாக எண்ணெயிலும் சோப்பிலும் விலையைக் குறைத்துக் குறைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குறைவாக விற்கிற சாமானுக்கு ஒரு பலகைகூட எழுதி வைக்கவில்லை.

---

அடுப்பங்கரை

எல்லாம் விலையோடு முடிந்துவிட்டதா? நான் தெருக்கடையை விட்டது காசுக்காக அல்ல.

பதினைந்து வருடம் ஒரே கடையில் வாங்கினேன். இரண்டு ரூபாய் சில்லறைக்கு மிட்டாய் கொடுப்பார். அதே மிட்டாயை நான் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார். தேதி முடிந்த மாவுப் பாக்கெட்டைக் கொண்டுபோனால், 'நேற்றுத்தானே முடிந்தது, ஒன்றும் செய்யாது' என்பார். பில் கேட்டால் முகம் மாறும். நாப்கின் வாங்கினால் நான்கு ஆண்கள் நிற்கிற இடத்தில் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கள்ளச் சரக்கு மாதிரி கொடுப்பார். கொஞ்சம் கூடுதலாக நெய் வாங்கினால் 'என்ன விசேஷம்?'. கடனில் வாங்கினால் அதுவும் தெருவுக்கே தெரியும். ஒரு தடவை என் மகள் கல்கண்டு வாங்கப் போனபோது, 'அப்பாவைப் பாக்கியைக் கொடுக்கச் சொல்லு' என்று பத்துப் பேர் முன்னால் சொல்லி அனுப்பினார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் படி ஏறவில்லை.

சங்கிலிக் கடையில் என்னை யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு அங்கே பிடித்தது. அண்ணாச்சிகள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

---

சங்கக்கொடி

எல்லாக் கடைக்காரரும் அப்படி இல்லை, அம்மா. ஒருவரை வைத்து எல்லாரையும் சொல்லக்கூடாது.

---

அடுப்பங்கரை

எல்லாரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்தக் கறுப்புப் பை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

---

கல்லாப்பெட்டி

ஒரு திருத்தம். நான் அண்ணாச்சி இல்லை. அண்ணாச்சியின் மகள். அப்பாவுக்கு மூட்டு வலி வந்ததிலிருந்து ஆறு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது நான்தான்.

அடுப்பங்கரை அக்கா, அந்தக் கறுப்புப் பையை நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா செய்தார், நானும் செய்தேன். இன்று காலை அந்தப் பாக்கெட்டுகளை உள்ளேயிருந்து எடுத்து முன்வரிசையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். பாக்கி விஷயம் மனதைக் குடைகிறது. கடன் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

மாதச்சம்பளம்

மன்னிக்கவும் அக்கா, முதல் வரியிலேயே அண்ணாச்சி என்று எழுதிவிட்டேன். மற்றபடி என் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

பழங்கணக்கு (சென்னை)

சங்கிலிக் கடை என்றாலே வெல்ல முடியாத பூதம் என்ற பயம் எனக்கு இல்லை, பார்த்தவன் என்பதால். சுபிக்‌ஷா 1997ல் சென்னையில் தொடங்கியது. பளபளப்பு இல்லாத சின்னக் கடைகள், அச்சிட்ட விலையில் தள்ளுபடி. அது தெருவுக்குள் வந்தபோது எங்கள் பகுதியில் இரண்டு கடைகள் ஒரே வருடத்தில் மூடின. நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கிளைகள் வரை போனார்கள். கடனை வைத்தே வளர்ந்த வளர்ச்சி. கையில் ரொக்கம் வற்றியதும் 2009 தொடக்கத்தில் மொத்தமாக இழுத்து மூடினார்கள். எங்கள் தெருக் கிளையின் ஷட்டரில் பூட்டு துருப்பிடித்து வெகுநாள் தொங்கியது.

அதற்காக, 'காத்திருங்கள், அவர்களே விழுவார்கள்' என்று சொல்லமாட்டேன். அவர்கள் விழுந்தார்கள், மூடிய அந்த இரண்டு கடைகளும் திரும்பி வரவில்லை. ஒன்று இப்போது செல்போன் கடை. இன்னொன்றில் ஏடிஎம்.

சென்னையில் இப்போது தலைவலி வேறு. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தெருக்கடை கையில் கடைசியாக இருந்த கயிறு 'பக்கத்தில் இருக்கிறோம்' என்பதுதான். அதையும் அறுக்கிறார்கள். அருப்புக்கோட்டைக்கு அது வருவதற்குள் நோட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடுங்கள், அம்மா.

---

மாத்திரைக்கடை (கோவை)

மளிகை இல்லை, மருந்துக் கடை. ஆனாலும் பிழைப்பு ஒன்றுதான். எங்களுக்கு லாபமே சட்டத்தில் எழுதியிருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டில் வரும் மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் என்று 2013 ஆணை சொல்கிறது. மற்றவற்றில் இருபது என்பது வழக்கம். எதிர்க்கடையில் 'இருபது சதவீதத் தள்ளுபடி' என்று பலகை. முழு லாபத்தையும் கொடுத்துவிட்டு எப்படி நடத்துகிறார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். தங்கள் சொந்தப் பெயர்ச் சரக்கிலும், அச்சிட்ட விலைக்கும் கொள்முதலுக்கும் மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசம் இருக்கிற மாத்திரைகளிலும் விட்டதைப் பிடிக்கிறார்கள்.

நான் தள்ளுபடிப் பந்தயத்தில் இறங்கவில்லை. என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று ஆளுக்கு ஏழெட்டு மாத்திரை. வேளைக்கு ஒரு சின்னக் காகித உறை, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று பேனாவால் வரைந்து ஒரு வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒரு பாட்டியின் பழைய சீட்டிலும் புதுச் சீட்டிலும் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவருக்குப் போன் செய்து ஒன்றை நிறுத்தினோம். அந்தக் குடும்பத்தில் மூன்று வீடுகள். மூன்றும் என்னிடம்தான் வாங்குகின்றன. தள்ளுபடி பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனால் இதற்கு நேரம் பிடிக்கிறது. ஒருவருக்கு உறை போட இருபது நிமிடம். இப்படி எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? என் கடை இதற்குமேல் வளராது. அது எனக்குச் சம்மதம், என் மகனுக்குச் சம்மதமில்லை.

---

சங்கக்கொடி

தனித்தனியாகப் பிழைக்கும் வழி மட்டும் பேசுகிறீர்கள். 2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாட்டில் விடமாட்டேன் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வணிகர் சங்கங்கள் தெருவில் இறங்கியதும் அதற்குக் காரணம். மே 5 வணிகர் தினத்தில் கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆட்சியாளர்கள் பயப்படுகிறார்கள்.

வாங்கும் விலைக்கும் கீழே விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். இருக்கிற 2002 போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் அடக்க விலைக்குக் கீழே விற்றால்தான் பாயும். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் எந்தச் சங்கிலிக் கடையும் 'ஆதிக்கம்' என்ற அளவுக்கு வராது. உங்கள் தெருவுக்குள் மட்டும் அது யானை. பத்து நிமிட விநியோகக்காரர்கள் மீது 2024ல் விநியோகஸ்தர்கள் போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுதியதும் இந்த அடிமாட்டு விலையைப் பற்றித்தான்.

---

மாதச்சம்பளம்

ஐயா, நீங்கள் கேட்கும் சட்டம் வந்தால் எனக்கு எண்ணெய் விலை ஏறும். அதைச் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

---

தராசுமுள் (தேனி)

கூட்டாகக் கொள்முதல் செய்யலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். நாங்கள் செய்து பார்த்தோம். ஐந்து கடைகள், ஒரு லாரி, விருதுநகரில் பருப்பும் வத்தலும். முதல் மூன்று மாதம் மூட்டைக்கு நூறு, நூற்றிருபது குறைந்தது. நான்காம் மாதம் ஒருவர் 'இந்த வாரம் என் பங்கை நீங்கள் கட்டுங்கள்' என்றார். அடுத்த மாதம் இன்னொருவர். உளுந்து வந்த அன்று யாருக்கு முதல் மூட்டை என்று சண்டை. கலைந்துவிட்டோம்.

கூட்டு நம் ஆட்களுக்குத் தெரியாத வித்தையா என்ன? விருதுநகர் நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணமாகச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1921ல் நாடார் சமூகத்தார் தூத்துக்குடியில் பாங்கியே தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஆனால் அங்கே காசைக் கொடுக்காதவனைக் கேட்க உறவின்முறை என்ற சாதிச் சபை ஒன்று இருந்தது. அந்தக் கட்டு சாதிக்குள் மட்டும் நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் ஐந்து பேருக்குள் எந்தக் கட்டும் இல்லை. வாட்ஸ்அப் குழு மட்டும்தான் இருந்தது. இன்னொரு தடவை செய்தால் முன்பணம் கட்டியவருக்குத்தான் சரக்கு என்று எழுதி வைத்துவிட்டுத்தான் லாரியைப் பிடிப்பேன்.

---

நீலச்சட்டை

நான் ஒரு சங்கிலிக் கடையில் வேலை செய்கிறேன். எந்தக் கடை என்று கேட்க வேண்டாம். ஒன்பது மணி நேரம் நிற்கிறேன். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எங்கள் கிளையில் நாற்காலி வந்தது, உட்கார்ந்தால் மேலாளர் பார்க்கிற பார்வையும் சேர்ந்து வந்தது.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இதற்கு முன்பு நான்கு வருடம் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினேன். பிஎஃப் இல்லை, வார விடுமுறை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. முதலாளி வீட்டுத் தண்ணீர்க் குடத்தையும் நான்தான் தூக்க வேண்டும். இங்கே ஏழாம் தேதி சம்பளம் வங்கியில் ஏறிவிடுகிறது. சிறு கடைகளைக் காப்பாற்றுங்கள் என்று பேசும்போது அந்தக் கடைப் பையனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

---

லைன்வண்டி

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் போன லைனில் எண்பது கடைகள். பிஎஃப் பிடித்த கடை ஒன்றுகூட இல்லை.

---

கல்லாப்பெட்டி (மூன்று மாதம் கழித்து)

என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள். எழுதுகிறேன்.

சோப்பு, எண்ணெய், ஷாம்பு வகைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அவசரத்துக்கு வருபவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அங்கே முடங்கிக் கிடந்த பணத்தைப் பருப்பிலும் வத்தலிலும் போட்டேன். வாசலில் பலகை: துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, வெந்தயம், அன்றைய விலை சாக்கட்டியில். சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் வத்தலும் வறுத்துப் பக்கத்து மில்லில் அரைத்துச் சனிக்கிழமை தோறும் விற்கிறேன். முதல் வாரம் ஐந்து கிலோ. இப்போது பதினெட்டு. நாளொன்றுக்கு வியாபாரம் 12,000 வரை வருகிறது. பழைய 14,000 வரவில்லை. ஆனால் சோப்பில் நின்றதை விடப் பருப்பிலும் பொடியிலும் கூடுதலாக நிற்பதால் மாதக் கடைசியில் கையில் இருப்பது ஏறக்குறைய பழைய தொகைதான். கடைப் பையனுக்கு ஞாயிறு பிற்பகல் விடுமுறை கொடுத்தேன். பிஎஃப் கட்ட எனக்கு இன்னும் வழி இல்லை. அதை மறைக்கவில்லை.

இனி அந்த நோட்டு. பற்றில் 43 குடும்பங்கள், மொத்தம் 1,12,000 ரூபாய். யார் யார் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வராமல் போன பதினொரு குடும்பங்களில் ஒன்பது குடும்பத்துக்குப் பாக்கி இருந்தது. விலை குறைவு என்று அவர்கள் அங்கே போகவில்லை. என் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, கையில் காசு வரும்போதெல்லாம் எதிர் வரிசையில் நடந்து சங்கிலிக் கடைக்குப் போயிருக்கிறார்கள். கடன் கொடுத்துத்தான் வாடிக்கையைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அப்பா சொல்வார். ஒன்பது வீட்டை அந்தக் கடனே விரட்டியிருக்கிறது.

ஒன்பது வீட்டுக்கும் நானே நேரில் போனேன், கடை சாத்திய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. பழைய பாக்கி மாதம் இருநூறு, முடிந்தபோது. இன்றைய சாமான் ரொக்கம். கடையில் பாக்கிப் பேச்சே எடுக்கமாட்டேன், பிள்ளைகளிடம் சத்தியமாகச் சொல்லி அனுப்பமாட்டேன் என்றேன். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஆறு பேர் வருகிறார்கள்.

அதில் ஒரு வீட்டிலிருந்து போன வாரம் ஒரு சிறுமி வந்தாள். ஒரு கையில் சாமான் சீட்டு, இன்னொரு கையில் நான்காக மடித்த இருநூறு ரூபாய்த் தாள். அம்மா கொடுக்கச் சொன்னார் என்று மெல்லச் சொன்னாள். கடையில் அப்போது மூன்று பேர் நின்றார்கள். தாளை வாங்கிக் கல்லாவில் போட்டேன், நோட்டை எடுக்கவில்லை. கால் கிலோ உளுந்தும் பத்து ரூபாய்க்குக் கடுகும் கட்டிக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டு, கடை காலியான பிறகு வரவு எழுதினேன்.

மாதச்சம்பளம் தம்பி, உங்கள் ஐந்நூறு ரூபாய்க் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எண்ணெயை அங்கேயே வாங்குங்கள். நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

---

அடுப்பங்கரை

சாம்பார்ப் பொடிக்கு எத்தனை பங்கு மல்லிக்கு எத்தனை வத்தல்? முண்டா, நீட்டு வத்தலா?

---

கல்லாப்பெட்டி

இரண்டும் கலந்துதான் அக்கா. நீட்டு வத்தல் நிறத்துக்கு, முண்டு மணத்துக்கு. அளவை மட்டும் கேட்காதீர்கள், எதிர்க்கடைக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.